பலகையில் எழுதிய பெயர்கள்: கெற்றிஸ்பேர்க் போர்க்களம் கல்லறையான கதை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெற்றிஸ்பேர்க் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மேரிலண்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். "மாமா, நீங்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேணும்" என்று மட்டும்தான் சொன்னான். ஏன் என்று நானும் கேட்கவில்லை. அவனுடைய பெரிய மாமாவை, அதாவது என் அண்ணாவை, 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் பங்கருக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு வந்தவன் நான் என்பது அவனுக்குத் தெரியும்.

அங்கே இருக்கும் பழைய எவர்கிறீன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கர்ப்ப வயிற்றோடு, மண்வெட்டியோடு, நெற்றி வியர்வையைத் துடைக்கும் ஒரு பெண். பெயர் எலிசபெத் தோர்ன். அவளுடைய கணவன்தான் அந்தக் கல்லறையின் காவலாளி. அவன் படையில் சேர்ந்து போய்விட்டதால் அந்த வேலையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை ஓய்ந்தபோது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. யூலை மாத வெயிலில், வயதான தகப்பனையும் வைத்துக்கொண்டு, நூறுக்கு மேற்பட்ட குழிகளை வெட்டி உடலங்களை அடக்கம் செய்தாள். அதற்கென்று மேலதிகக் கூலி ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிலையை வைத்ததே 2002இல்தான். ஏறக்குறைய 140 வருடம் பிந்தி.

நடந்தது இதுதான். 1863 யூலை 1 முதல் 3 வரை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடபகுதிப் படையும் தென்பகுதிப் படையும் இந்த ஊரைச் சுற்றி மோதின. இரு தரப்பிலும் சேர்த்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கொல்லப்பட்டோர், காயப்பட்டோர், பிடிபட்டோர், காணாமற்போனோர் எல்லாம் சேர்த்து அண்ணளவாக 51,000. இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 7,000. ஊரின் சனத்தொகையோ 2,400. தோற்ற தென்படை மழைக்குள் பின்வாங்கியது. வடபடை அதைத் துரத்திக்கொண்டு போனது. பிணங்களும், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காயக்காரரும், ஆயிரக்கணக்கான செத்த குதிரைகளும் அந்தச் சின்ன ஊர்ச்சனத்தின் தலையில் விழுந்தன. நாற்றம் தாங்காமல் சனங்கள் மூக்கில் புதினா எண்ணெய் வைத்துக்கொண்டு திரிந்தார்களாம். வன்னியிலிருந்து வந்த நாங்கள் இதை வாசித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இறந்தவர்களைப் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே ஒரு முழ ஆழத்தில் மூடியிருந்தார்கள். கூட்டாளிகள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு பெட்டிப் பலகையில் பென்சிலால் பெயரை எழுதி நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மழை வந்தால் பென்சில் எழுத்து அழிந்துவிடும். பன்றிகள் கிளறின. கமக்காரர் அடுத்த போகத்துக்கு உழவேண்டும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மகனைத் தேடி வந்த தாய்தகப்பன்மார் வயலுக்கு வயல் தோண்டிப் பார்த்தார்கள்.

நானும் பெயர் எழுதித்தான் வைத்தேன். அண்ணாவின் அடையாள அட்டையின் போட்டோப் பிரதியை ஒரு சோடாப் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கி, தலைமாட்டில் வைத்து மண் போட்டேன். 2012இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கம் முழுக்க டோசரால் தள்ளிச் சமமாகக் கிடந்தது. யார் தள்ளினார்கள், எதற்காகத் தள்ளினார்கள் என்பதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

கெற்றிஸ்பேர்க்கில் அடுத்து நடந்த வேலை மிக வேகமானது. டேவிட் வில்ஸ் என்ற உள்ளூர்ச் சட்டத்தரணி மாநில ஆளுநரிடம் பேசி, சண்டையின் நடுவே இருந்த மேட்டிலேயே 17 ஏக்கர் காணியை வாங்கினார். வில்லியம் சோன்டர்ஸ் என்பவர் அதற்கு அரைவட்ட வடிவில் திட்டம் போட்டார். மாநிலம் மாநிலமாகப் பிரிவு. ஆனால் அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற வித்தியாசம் இல்லை. எல்லாருக்கும் நிலத்தோடு பதிந்த ஒரே மாதிரியான கல்வரிசை.

உடலங்களைத் தோண்டி எடுத்து மாற்றும் வேலை கேள்விப்பத்திரத்துக்கு விடப்பட்டது. ஆகக் குறைந்த கேள்வி உடலம் ஒன்றுக்கு 1 டொலர் 59 சதம். அதுவே ஏற்கப்பட்டது. 1863 ஒக்டோபர் 27இல் தொடங்கிய வேலை அடுத்த ஆண்டு மார்ச் 18இல் முடிந்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பசில் பிக்ஸ் என்ற கறுப்பினக் கமக்காரர். தென்படை வரும்போது கையில் அகப்படும் கறுப்பினத்தவரை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகிறது என்பதால் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடித் திரும்பியவர் அவர்.

மேற்பார்வை சாமுவேல் வீவர் என்பவருடையது. ஒவ்வொரு குழி திறக்கும்போதும் தான் நேரில் நின்றதாக அவர் அறிக்கை எழுதியிருக்கிறார். ஒரு இரும்புக் கொழுக்கியால் சட்டைப் பைகளைத் துழாவி, கிடைத்த கடிதம், படம், நாட்குறிப்பு, காசு எல்லாவற்றையும் பொதிகளாகக் கட்டிப் பெயர் எழுதி வைத்தார். உடுப்பின் நிறம், சப்பாத்தின் தையல், உள்ளாடை பருத்தியா இல்லையா என்பதை வைத்து வடக்கா தெற்கா என்று பிரித்தார். கொக்குத்தொடுவாயில் 2023இல் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது வெளிவந்த புதைகுழியிலும் உடுப்பைத்தான் முதலில் பார்த்தார்கள். துணி மனிதனை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது.

இப்படி 3,500க்கும் மேற்பட்டவர்கள் அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 979 பேர் யார் என்றே தெரியாதவர்கள். அவர்களுக்கு இலக்கம் மட்டும் வெட்டிய சின்னச் சலவைக் கற்கள். ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19இல் வந்து இரண்டு நிமிடமளவில் பேசிய பேச்சு உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது. அவர் பேசிய அன்று பாதி உடலங்கள்கூட அங்கே கொண்டுவரப்படவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தோற்றவர்களுக்கு அந்த மேட்டில் இடமில்லை. தவறுதலாக வந்து சேர்ந்த சிலரைத் தவிர, தென்படைக்காரர் வயல்களிலேயே கிடந்தார்கள். ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்: தென்பகுதி சண்டை பிடித்தது அடிமை முறையைக் காப்பாற்ற. எங்களுடைய போராட்டத்தை அதன் பக்கத்தில் வைக்க எனக்கு எண்ணமில்லை. நான் பார்ப்பது தோற்ற தரப்பின் எலும்புக்கு என்ன நடந்தது என்பதை மட்டும்.

அந்த ஊரில் ஜோன் ஓநீல் என்றொரு வைத்தியர் இருந்தார். வேர்ஜினியாவில் பிறந்து, சண்டைக்குச் சில மாதம் முன்னர்தான் அங்கே குடிவந்தவர். நோயாளிகளைப் பார்க்க வண்டியில் ஊரூராகப் போகும்போது, வேலியோரத்திலும் தோட்டத்திலும் தென்படைக்காரரின் புதைகுழிப் பலகையைக் கண்டால் இறங்கி, பெயர், படைப்பிரிவு, எந்தக் காணி, எந்த மரத்தடி என்று தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். யாரும் கேட்டு எழுதவில்லை. அப்போது போர்கூட முடியவில்லை. அவை அந்த ஊரின் பார்வையில் எதிரிகளின் குழிகள்.

எட்டு வருடம் கழித்து, தென்பகுதிப் பெண்களின் நினைவுச் சங்கங்கள் தங்கள் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி கேட்டபோது அந்தப் புத்தகம்தான் கைகொடுத்தது. அதற்குள் சாமுவேல் வீவர் விபத்தொன்றில் இறந்துவிட்டார். உடற்கூற்றியல் தெரிந்த வைத்தியரான அவருடைய மகன் றூபஸ் வீவர், 1871 முதல் 1873 வரை 3,320 பேரின் எச்சங்களைத் தோண்டியெடுத்துப் பெட்டிகளில் தெற்கே அனுப்பினார். 2,900க்கும் மேற்பட்டவர்கள் ரிச்மண்டின் ஹொலிவூட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். வீவருக்குச் சேரவேண்டிய பணம் கடைசிவரை முழுதாகக் கிடைக்கவில்லை. வென்ற அரசு இதற்குச் செலவு செய்யவில்லை. ஆனால் குறுக்கேயும் நிற்கவில்லை. அந்த இரண்டாவது வசனத்தை எழுதும்போது கோப்பாய் ஞாபகத்துக்கு வருகிறது. துயிலும் இல்லம் இருந்த காணியில் இராணுவ முகாம் எழுந்ததால், உறவுகள் எதிரே வீதியோரத்தில் நின்றுதான் விளக்கேற்றுகிறார்கள்.

கல்லறை 17 ஏக்கர்தான். அதைச் சுற்றியிருந்த போர்க்களம் காப்பாற்றப்பட்டது வேறு கதை. டேவிட் மக்கோனகி என்ற இன்னொரு சட்டத்தரணி, சண்டை முடிந்த சில வாரங்களிலேயே முக்கியமான மேடுகளைத் தன் பொறுப்பில் வாங்கத் தொடங்கினார். 1864இல் அதற்கொரு சங்கம் பதிவானது. பசில் பிக்ஸும் பின்னர் அங்கே காணி வாங்கினார். கடைசி நாளின் பெருந்தாக்குதல் குறிவைத்த மரத்தோப்பு அவருடைய காணிக்குள் வந்தது. அவர் வேலிக்கட்டைக்காக அதைத் தறிக்கத் தொடங்கியபோது, போரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த ஜோன் பச்செல்டர் வந்து, மரம் நின்றால் காணிக்குப் பெறுமதி கூடும் என்று பேசி நிறுத்தினாராம். இன்றைக்கு அந்த மரங்களைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள்.

1890களில் ஒரு மின்சார ட்ராம் கம்பனி களத்துக்குள்ளே பாறைகளை வெடிவைத்துத் தண்டவாளம் போட்டது. அரசு காணியை எடுக்க முயன்றபோது, நினைவிடம் பொதுத் தேவை ஆகாது என்று கம்பனி வழக்காடியது. 1896இல் உயர்நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: போர்க்களத்தைப் பாதுகாப்பது பொதுத் தேவைதான், அதற்காகக் காணியை இழப்பீட்டோடு எடுக்கலாம். காணி சுவீகரிப்பு என்றாலே எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதே அதிகாரம் இறந்தவர்களுக்காகவும் பயன்படலாம் என்பதை நான் முதன்முதலில் அங்கேதான் அறிந்தேன். இப்போது பூங்கா ஏறத்தாழ 6,000 ஏக்கர். 1974இல் தனியார் கட்டிய உயரமான பார்வைக் கோபுரத்தைக் களத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறதென்று அரசு எடுத்து, 2000 யூலை 3இல் வெடிவைத்து வீழ்த்தியது.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லவில்லை. வடக்குக்காகப் போரிட்ட உள்ளூர்க் கறுப்பினச் சிப்பாய்கள் பின்னாளில் இறந்தபோது, ஓரிருவரைத் தவிர அந்தத் தேசியக் கல்லறையில் இடம் பெறவில்லை. கறுப்பின மக்கள் ஊரின் மறுபக்கத்தில் தங்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். அதற்கு இப்போது லிங்கன் கல்லறை என்று பெயர். அந்த மேட்டுக்கு வெள்ளையரைச் சுமந்து சேர்த்த பசில் பிக்ஸ் படுத்திருப்பதும் அங்கேதான்.

1996இல் புகையிரதப் பாதையோரத்தில் மழை அரித்த மண்ணிலிருந்து ஒரு எலும்புக்கூடு வெளிவந்தது. எந்தத் தரப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாமலே, 1997 யூலை 1இல் தேசியக் கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்தப் போரில் சண்டையிட்டவர்களை முதுமையில் மணந்த இரண்டு விதவைகள், வடக்கிலிருந்து ஒருவர், தெற்கிலிருந்து ஒருவர், பக்கத்தில் இருந்தார்கள்.

ஆனால் கெற்றிஸ்பேர்க்கை அப்படியே எங்கள் மண்ணுக்கு அளவெடுக்க முடியாது. அந்த மூன்று நாளில் சண்டையில் நேரடியாகக் கொல்லப்பட்ட பொதுமகன் ஒரேயொருவர்தான்: வீட்டுக்குள் மா குழைத்துக்கொண்டிருந்தபோது சூடுபட்ட ஜெனி வேட் என்ற 20 வயதுப் பெண். அவளுக்குத் தனிக் கல்லறையும் சிலையும் உண்டு. 2009இல் வன்னியில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல். பொதுமக்களுக்குப் படைப்பிரிவுப் பட்டியல் இல்லை. சீருடைப் பொத்தான் இல்லை. சாமுவேல் வீவரின் கொழுக்கி எங்கள் கரையில் பாதி வேலைகூடச் செய்யாது. கனகபுரத்தில் 2016இலிருந்து சனங்கள் உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து வைத்திருப்பதுபோலக் குவிக்க, வலைஞர்மடத்தில் ஒரு கல்லும் இருந்ததில்லை. அங்கே ஓநீலின் வழிதான் மிச்சம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். அம்மாவையும், அந்தக் கடைசி மாதத்தில் எங்களோடு பக்கத்துப் பங்கரில் இருந்த இரண்டு குடும்பங்களையும் இருத்திவைத்துக் கேட்டு எழுதினேன். அண்ணாவின் பெயர், திகதி, நேரம், தேவாலயத்தின் மதிலிலிருந்து கடற்கரைப் பக்கமாக எத்தனை அடி. ஒரு குடும்பம் வடலியைச் சொன்னது, மற்றது கிணற்றைச் சொன்னது. இரண்டையும் எழுதினேன். ஒரே பின்னேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேருக்குப் பெயர் இருக்கிறது. எட்டாவது, காலில் தையல் அடையாளம் உள்ள ஒரு ஐயா. ஒன்பதாவது ஒரு பிள்ளை, ஐந்தாறு வயது, நீலச் சட்டை, யாரோடு வந்தது என்று தெரியாது, அம்மாதான் முகத்தைக் கழுவிவிட்டா.