தில்லி வட்ட ரயில்: எதை மீட்பது?

தில்லியில் லஜ்பத் நகர், சரோஜினி நகர், நாராயணா விகார் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்று மெட்ரோ நிலையம். மற்றொன்று இந்திய ரயில்வேயின் வட்டப்பாதையில் உள்ள சிறு நிலையம். முதலாவதில் நாளெல்லாம் கூட்டம். இரண்டாவதின் நடைமேடையைப் பெரும்பாலும் சரக்கு வண்டிகளே கடந்து செல்கின்றன. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வட்டப்பாதையை மீட்டெடுக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. 'மீட்பு' என்ற சொல்லுக்குள் ஒரு வரலாற்றுத் துணிபு மறைந்திருக்கிறது: முன்பொரு காலத்தில் இப்பாதை நகர மக்களின் பாதையாக விளங்கியது என்பதே அது. அத்துணிபை முதலில் சோதிக்க வேண்டும்.

மும்பையில் 1925இலும் சென்னையில் 1931இலும் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. அவ்விரு நகரங்களிலும் புறநகர்கள் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தன. நிலையத்து வாசலே கடைத்தெருவாகவும் பேருந்து நிறுத்தமாகவும் ஆனது. தில்லியின் கதை வேறு. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பிறகு, புதிய நகருக்கென ஒதுக்கிய நிலத்தின் ஊடே சென்ற ஆக்ரா ரயில்பாதை கிழக்கே யமுனைப் பக்கம் நகர்த்தப்பட்டது. அகன்ற சாலைகளை மையமாகக் கொண்டே நகரம் வரையப்பட்டது. விடுதலைக்குப் பின் எழுந்த அரசு ஊழியர் குடியிருப்புகளும் சாலையை நோக்கியே அமைந்தன. வட்டச் சாலையில் ஓடிய 'முத்ரிகா' பேருந்துகள், கணையாழி என்னும் பொருள்தரும் தம் பெயருக்கேற்ப, நகரைச் சுற்றிவரும் பணியை ஏற்றுக்கொண்டன.

வட்ட ரயில் 1975இல் தொடங்கியது. நெரிசல் மிகுந்த நடு நிலையங்களுக்குள் நுழையாமல் சரக்கு வண்டிகள் நகரைக் கடந்து செல்வதே இப்பாதையின் முதன்மைப் பயன். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக இது மேம்படுத்தப்பட்டு 24 கூடுதல் சேவைகள் இயக்கப்பட்டன. இன்று 'பழைய நிலை' என்று நினைவுகூரப்படுவது பெரிதும் அந்த ஆண்டின் தோற்றமே. போட்டிகள் முடிந்தபின் அந்த ஊக்கம் நீடிக்கவில்லை. ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆனது. அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டிச் சில நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் வழி மட்டும் சீராகவில்லை.

வட்டப்பாதையின் இயல்பையும் கருத வேண்டும். புறநகரிலிருந்து நகர் நடுவே வரும் பாதை, வழியிலுள்ளோரை நேரே பணியிடத்தில் சேர்க்கிறது. வட்டப்பாதையோ குறுக்கே செல்லும் பிற தடங்களோடு இணைந்தால்தான் பயன்படும். 2018இல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடம் அந்த இணைப்பைச் சாதித்தது. நாராயணா விகார், சரோஜினி நகர், லஜ்பத் நகர், நிஜாமுதீன் என அதே இடங்களைத் தொட்டும் சென்றது.

அவ்வாறாயின் பழைய பாதை யாருக்குத் தேவை? விடை கட்டணத்தில் இருக்கிறது. 2017இல் மெட்ரோ கட்டணம் இருமுறை உயர்ந்தது. உச்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ஆனது. ரயில்வேயின் புறநகர்க் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. பல்வல், காசியாபாத், பானிபட், ரோத்தக் ஆகிய ஊர்களிலிருந்து மாதச் சீட்டு எடுத்து நாள்தோறும் தில்லிக்கு வேலைக்கு வருவோர் இன்றும் உள்ளனர். நிலையத்தில் இறங்கியபின் எஞ்சிய தொலைவுக்கு அவர்கள் தரும் பணம், சில வேளைகளில் ரயில் கட்டணத்தையே விஞ்சுகிறது. வட்டப்பாதை அவர்களுடைய வண்டிகளை நகரின் தெற்கு, மேற்குப் பகுதிகளுக்கு நேரே கொண்டுசெல்லும் கிளையாக மாறினால் அதற்கு ஒரு பொருள் கிடைக்கும்.

அது கைகூடுமா என்பது பல முடிவுகளைப் பொறுத்தது. தாத்ரி, ரேவாரி வழியே தில்லியைத் தவிர்த்துச் செல்லும் தனிச் சரக்குப் பாதைகள் இப்பாதையின் சுமையைக் குறைக்கக்கூடும். ஆனால் விடுபடும் இடத்தைத் தொலைதூர வண்டிகளும் கோரும். சரோஜினி நகர், நேதாஜி நகர் குடியிருப்புகளை இடித்து உயர்ந்த கட்டடங்களாக எழுப்பும் திட்டத்துக்கு 2016இல் ஒப்புதல் கிடைத்ததால் மக்கள் அடர்த்தி கூடும். ஆனால் அங்கு குடியேறுவோர் ரயிலை நாடுவார்கள் என்பதற்கு உறுதியில்லை. தண்டவாளம் ரயில்வேயிடம், சாலை மாநகர அமைப்புகளிடம், மெட்ரோ தனி நிறுவனத்திடம். இம்மூன்றும் சந்திக்கும் நிலைய வாசல் எவர் பொறுப்பிலும் முழுமையாக இல்லை. 1982ஐ மீண்டும் நிகழ்த்த முயலும் திட்டம் 1983இன் முடிவையே மறுபடியும் சந்திக்கும். அதிகாலையில் பல்வலில் வண்டி ஏறுபவரிடம் அவர் எங்கே செல்ல வேண்டும் என்று கேட்டுத் தொடங்கும் திட்டத்துக்கு ஓரளவேனும் வாய்ப்புண்டு.