உறைக்குள் ஓர் உறை

ஊரைவிட்டு வெளி மாநிலம் வந்த நம்மிற் பலர், வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிய கடிதங்களை ஒரே உறையிலிட்டு அனுப்பியதுண்டு. வெளியுறையின் விலாசமே அஞ்சற்காரருக்குத் தேவை. உள்ளிருப்பவை எவருக்கு என்பது அவருக்கு வேண்டாத செய்தி. இணையத்திலும் இவ்வழக்கம் உண்டு. அதனைச் சுரங்கவழி என்பர். வானொலி கேட்கும் நமக்கு நெருக்கமான அதன் வரலாற்றுப் பகுதி ஒன்றை இங்குக் காண்போம்.

ஒரு குரலை ஒருமுறை அனுப்பினாற் போதும். வேண்டுவோர் அனைவருக்கும் வலையே படியெடுத்து வழங்கும் என்ற முறையை ஸ்டீவ் டீரிங் வகுத்தார். அதன் விதிகள் 1989-இல் வெளிவந்தன. ஆயினும் வழியிலிருந்த ரௌட்டர்களிற் பெரும்பாலானவை இம்முறையை அறியா. அவை அனைத்தும் மாறும்வரை காத்திருப்பதாயின் ஆண்டுகள் பல கழிந்திருக்கும். ஆராய்ச்சியாளர் காத்திருக்கவில்லை, இம்முறையை அறிந்த கணிப்பொறிகளுக்கிடையே சுரங்கவழி அமைத்தனர். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் கூடிய இணையப் பொறியாளர் மாநாட்டின் பேச்சு, மூன்று கண்டங்களில் 20 இடங்களில் உடனுக்குடன் கேட்டது. இவ்வலை எம்போன் எனப் பெயர் பெற்றது.

தொடக்கத்தில் அவர்கள் பொதியை உறையிலிடவில்லை என்பது பலர் அறியாத செய்தி. மேல்விலாசத்தை மாற்றி எழுதி, உண்மை விலாசத்தைத் தலைப்பின் ஓரத்தில் குறித்தனர். இத்தகைய ஓரக்குறிப்பைக் கண்ட ரௌட்டர்கள், வழக்கமான விரைவை விட்டு, ஒவ்வொரு பொதியையும் தனியே ஆராயத் தொடங்கின, வேகம் குன்றியது. ஆகவே பின்னர் முழுப் பொதியையும் மற்றொரு பொதிக்குள் வைத்தனர். வெளித்தலைப்பில் 4 என்னும் எண் இருந்தால், உள்ளே இன்னொரு பொதி உண்டு என்பது பொருள். சேருமிடத்துக் கணிப்பொறி வெளித்தலைப்பைக் களைந்து, உள்ளிருப்பதை அதன் வழியே விடுக்கும். இதற்குரிய பொதுவிதி 1996-இல் ஏற்பட்டது.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. வெளித்தலைப்பு 20 பைட் கொள்ளும். ஈதர்நெட் கம்பியில் 1500 பைட் செல்லுமாயின், உள்ளே வைக்கத்தக்கது 1480 மட்டுமே. மிகுந்தால் பொதியைத் துண்டாக்க வேண்டும், அல்லது அது வழியிலேயே விழும். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டென்பது நம் கருத்து: சுரங்கவழி கம்பியின் உண்மைப் போக்கை மறைத்துவிடுகிறது. வரைபடத்தில் வெவ்வேறாகத் தோன்றும் இரு வழிகள் உண்மையில் ஒரே கம்பியில் அமைந்துவிடின், ஒரே குரல் அக்கம்பியில் இருமுறை செல்லும். படியெடுப்பதைக் குறைக்கப் பிறந்த முறைக்கு இப்படியோர் இடர்!

பிற்பாடு, ஆறாம் பதிப்பு இணையவிதியின் சோதனை வலையான 6போன், 1996-இல் இத்தகைய உறைகளைக் கொண்டே தொடங்கியது. உறை வேண்டாத நேர்வழிகள் பெருகியபின், 2006 ஜூன் 6 அன்று அது கலைக்கப்பட்டது.