மிச்சமான நூறு கிலோ: சந்திரயான்-3 கலம் திரும்பி வந்த வழி

'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' விளையாடியவர்களுக்கு ஜூல் என்ற பச்சைக் கோளைத் தெரிந்திருக்கும். அதற்கு ஐந்து நிலாக்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகக் குறிவைத்து எஞ்சினை எரித்தால் பாதி வழியில் டேங்க் காலி! எங்கே, எப்போது, எவ்வளவு எரிக்கணும் என்பதில்தான் ஆட்டமே இருக்கு. 2023 அக்டோபரில் இஸ்ரோ இதே கணக்கை நிஜமாகவே போட வேண்டி வந்தது.

முதலில் அடிப்படை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துவாக்குடி போகும் பஸ் வழி நெடுக டீசல் எரிக்கணும். விண்வெளியில் எஞ்சினை நிறுத்தினாலும் கலம் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே செலவு தூரத்துக்கு இல்லை, வேகத்தை மாற்றுவதற்குத்தான். ஒரு வட்டப்பாதையிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டே முறை எஞ்சினை இயக்கிப் போகும் சிக்கன வழியை ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் ஹோமான் 1925-லேயே எழுதிவிட்டார். ஈர்ப்பு மிகுந்த இடத்துக்கு அருகே, வேகம் அதிகமாக இருக்கும்போது எரித்தால் அதே எரிபொருளுக்குக் கூடுதல் பலன் என்பது ஹெர்மன் ஓபர்த் சொன்னது.

சந்திரயான்-3 போனது இந்த வழியில்தான். 1969-ல் அப்பல்லோ 11, சாட்டர்ன் 5 என்ற ராட்சத ராக்கெட்டின் பலத்தில் மூன்றே நாளில் நிலவை அடைந்தது. நம்மிடம் இருந்தது அதைவிடச் சிறிய எல்.வி.எம்.3. அதனால் 2023 ஜூலை 14-ல் கிளம்பிய கலம், பூமிக்கு அருகே வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துப் பாதையை நீட்டிக்கொண்டே போய், ஆகஸ்ட் 5-ல்தான் நிலவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. நாளைக் கொடுத்து எரிபொருளை வாங்கினார்கள்னு சொல்லலாம். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல், அதே துவாக்குடியில் உள்ள திருச்சி என்.ஐ.டி.யில் முதுகலை படித்தவர்.

ஆகஸ்ட் 23-ல் விக்ரம் தரையிறங்கியது. அதைச் சுமந்துபோன உந்துகலத்தின் முக்கிய வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நிலவைச் சுற்றிய பிறகும் அதில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம்! ராக்கெட் துல்லியமாகக் கொண்டுவிட்டதும், ஒவ்வொரு எரிப்பையும் சிக்கனமாகச் செய்ததும்தான் காரணம்.

அதை வைத்துத் திரும்பும் வழியைச் சோதித்துப் பார்க்க முடிவானது. இரண்டு ஆபத்துகளைத் தவிர்க்கணும்: நிலவில் மோதக் கூடாது, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றும் பாதைக்குள்ளும் போகக் கூடாது.

அக்டோபர் 9-ல் முதல் எரிப்பு. நிலவிலிருந்து 150 கிலோமீட்டராக இருந்த உச்ச தூரம் 5,112 கிலோமீட்டரானது. 13-ஆம் தேதி பூமியை நோக்கிய எரிப்பு. பிறகு நிலவை நான்கு முறை நெருங்கிக் கடந்து, நவம்பர் 10-ல் அதன் பிடியிலிருந்து விடுபட்டது. நவம்பர் 22-ல் பூமிக்கு மிக அருகே வந்தபோதும் தூரம் 1.54 லட்சம் கிலோமீட்டர். பாதுகாப்பான தூரம்தான்.

விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். நிஜத்தில் பூமி, நிலவு, சூரியன் எல்லாமே ஒரே நேரத்தில் இழுக்கும். அதற்கென மென்பொருள் உருவாக்கியதையும் இந்தப் பயணத்தின் பலன்களில் ஒன்றாக இஸ்ரோ சொன்னது.

இது எதற்கு உதவும்? 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த சந்திரயான்-4, நிலவின் மண்ணை எடுத்துவரப் போகும் திட்டம். போவதற்கு மட்டும் வழி தெரிந்தால் பத்தாது. திரும்பும் வழியை, மிச்சமான எரிபொருளிலேயே ஒருமுறை பழகிப் பார்த்தாயிற்று.