“திருச்சி எடுக்குமா?” – மன்னார்க் கரையின் வானொலிப் பெட்டிகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், பேசாலையில் தாம் புதிதாகக் கட்டிய வீட்டிற்கு என்னை அழைத்திருந்தார். முன்கூடத்தில் பெரிய தொலைக்காட்சி, சுவரின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகள், நடுவே கறுப்பு நிறத்தில் கனத்த பெட்டி ஒன்று. யப்பானிய நிறுவனமொன்றின் ஹோம் தியேட்டர் றிசீவர் அது. மிக உயர்ந்த விலையுமன்று, மலிவுமன்று; நடுத்தர விலை. கனடாவில் வாங்கியது 120 வோல்ற் மின்சாரத்துக்கானதாகையால், இலங்கையின் 230 வோல்ற்றை அதற்கேற்பக் குறைக்கும் மாற்றி ஒன்றும் கூடவே பறந்து வந்திருந்தது. அதன் நிறை றிசீவரின் நிறைக்குச் சற்றும் குறைந்ததன்று.

படமொன்றைப் போட்டுக் காட்டினார். கூடியிருந்தோர் ஒவ்வொருவராகத் தீர்ப்புக் கூறினர். மருமகப் பிள்ளைக்கு முழக்கம் போதாது. வீட்டம்மாவுக்கு முழக்கம் தாங்கமுடியாதது. உரையாடல் தெளிவாகக் கேட்கிறது என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். “கொடுத்த காசுக்குக் குறைவில்லை” என்பது உடைமையாளரின் தீர்ப்பு. கதவோரக் கதிரையில் அதுவரை பேசாதிருந்த முதியவர், “இது திருச்சி எடுக்குமா தம்பி?” என்று கேட்டார்.

இளையவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மன்னாரில் எந்தப் பெட்டியும் விலைபோனது அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டுதான். கேட்டவரும் சாதாரண ஆளல்லர். மன்னார் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர். நாங்கள் அவரை ‘நானா’ என்றே அழைப்போம். அவருடைய பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை.

மன்னாரிலிருந்து கொழும்பும் திருச்சிராப்பள்ளியும் ஏறத்தாழச் சம தூரத்தில் உள்ளன. வரைபடத்தில் அளந்து பார்ப்பவர்களுக்கு இது வியப்பளிக்கும். தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. மத்திய அலை என்பது தரையைத் தடவிச் செல்வது. காய்ந்த நிலம் அதை விரைவில் விழுங்கிவிடும்; உப்புக் கடலோ அதனை வெகுதூரம் ஏந்திச் செல்லும். கொழும்பின் குரல் எங்களிடம் வரக் காடும் மணலும் கடக்க வேண்டியிருந்தது. திருச்சியின் குரலுக்குப் பாதி வழி பாக்கு நீரிணை. 1939ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பட்டபோது மன்னாருக்காக எவரும் அதை அமைக்கவில்லை. ஆயினும் இந்தக் கரையில் வானொலி வைத்திருந்தவர்களுக்கு அது அயலூர் நிலையமாகிவிட்டது.

கொழும்பில் ஒலிபரப்பு அதற்கு முன்பே, 1925 டிசம்பரில், எட்வர்ட் ஹாப்பர் என்ற பொறியியலாளரின் முயற்சியால் ஆரம்பமாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் படைகளுக்கென நடத்தப்பட்ட ‘றேடியோ சீக்’ நிலையத்தின் 100 கிலோவாட் சிற்றலைக் கருவி ஏக்கலையில் நின்றது. 1949இல் அது இலங்கை வானொலியின் சொத்தாயிற்று. அதன் பலம் இந்தியா முழுவதும் கேட்டது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கி வைத்தபோது, தமிழகத்துக் காதுகள் கொழும்பின் வர்த்தக சேவையை நோக்கித் திரும்பின. எஸ். பி. மயில்வாகனனின் குரல் அங்கே வீடுவீடாகப் புகுந்தது. 1957 ஒக்ரோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. இராமநாதபுரத்தார் சினிமாப் பாட்டுக்காகக் கொழும்பைத் தேடிய அதே வேளையில், மன்னாரில் எங்கள் பெரியப்பா நாகஸ்வரக் கச்சேரிக்காகத் திருச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். கடலுக்கு மேலே இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் காது நீட்டியிருந்த காலம் அது.

பெரியப்பாவின் பெட்டி பிலிப்ஸ் வால்வு வானொலி. மரக்கூடு, முன்புறத்தில் துணி, மூடிவைக்கப் பெரியம்மா தைத்த உறை. திருகினால் வால்வுகள் சூடேறிக் குரல் வர அரை நிமிடம் செல்லும். முற்றத்துத் தென்னைகள் இரண்டுக்கிடையே செப்புக் கம்பி. மண்ணுக்குள் ஈரம் காணும் ஆழத்தில் புதைத்த இன்னொரு கம்பி. சோளகக் காற்று தொடங்கினால் உப்பு படிந்து இணைப்புகள் பச்சை பூத்துவிடும். தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக் கழுவுவது எங்கள் வேலை. மர்பி வைத்திருந்தவர்கள் பிலிப்ஸைப் பற்றியும், பிலிப்ஸ்காரர்கள் கிறுண்டிக்கைப் பற்றியும் கூறிய அபிப்பிராயங்கள் கோயில் பூசை முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் நீளும். விளம்பரம் சொன்னதை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை. யாருடைய வீட்டில் இராச் செய்தி இரைச்சலில்லாமல் கேட்டது என்பதே பேச்சு.

1964 டிசம்பர் 22இல் வட இலங்கையைக் கடந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பலும் ரயிலும் சந்தித்த அந்தத் துறை அன்றோடு இல்லாமற் போயிற்று. கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்கு மாறியது. அந்தப் புயலைப் பற்றிப் பேசும்போதெல்லாம், காற்றறிவிப்புக் கேட்கக்கூடிய பெட்டி எந்தெந்த வீட்டில் இருந்தது என்று பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். கடலுக்குப் போனவனின் வீட்டில் வானொலி ஆடம்பரப் பொருளன்று என்ற எண்ணம் அதன் பின்னரே வேரூன்றியது என்பது என் ஊகம்.

ரான்சிஸ்ரர் வந்ததும் பெட்டி வாடிக்கும் வள்ளத்துக்கும் சென்றது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் புதிய பெட்டி கிடைப்பது அரிது. ஆகவே இருப்பதைத் திருத்தி வாழவேண்டும். நானாவின் கடை அப்போதுதான் ஊர் நீதிமன்றமாக மாறியது. எவராவது பழைய பெட்டி வாங்குவதாயின் முதலில் அவரிடம் கொண்டு செல்வர். அவர் விலையைக் கேட்க மாட்டார். பொழுதுபட்ட பின் வரச் சொல்வார். பகலில் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். இரவானால் வானத்தின் மேலடுக்கு தொலைதூர மத்திய அலைகளையும் திருப்பி அனுப்பும். நிலையங்கள் ஒன்றன்மேலொன்று ஏறும். அப்போது தனக்கு வேண்டிய குரலை மாத்திரம் பிரித்தெடுப்பதே பெட்டியின் தகுதி. காதருகே வைத்து மெதுவாகத் திருப்புவார். உள்ளேயிருக்கும் காந்தக் கோல் நிலையத்தின் திசைக்குக் குறுக்காக நின்றால் குரல் ஓங்கும், நேராக நின்றால் அமுங்கும். பெட்டியைத் திருப்பித் திருப்பியே வேண்டாத நிலையத்தைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். இந்த வித்தை தெரிந்த சம்மாட்டியார் ஒருவர், இரவில் கரை எப்பக்கம் என்று கொழும்பு நிலையத்தைக் கொண்டு மட்டிட்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1970களின் இறுதியில் புத்தளத்தில் ட்ரான்ஸ் வேர்ல்ட் றேடியோ 882 கிலோஹேட்ஸில் 400 கிலோவாட் பலத்துடன் ஒலிக்கத் தொடங்கியதும் சோதனை இன்னும் கடினமாயிற்று. திருச்சி இருந்தது 936இல். மலிவான பெட்டிகளில் புத்தளம் தன் எல்லை கடந்து வழிந்து திருச்சியை மூழ்கடித்தது. திறந்த பொருளாதாரமும் வளைகுடா வேலைவாய்ப்பும் சேர்ந்து இரண்டு ஒலிபெருக்கியும் ஒளிரும் விளக்குகளும் கொண்ட பெரிய கசற் பெட்டிகளை எருக்கலம்பிட்டிக்கும் பேசாலைக்கும் கொண்டு வந்து குவித்த காலமும் அதுதான். பாட்டுக்கு அவை அருமை. நானா அவற்றில் பலவற்றைச் “செவிட்டுப் பெட்டி” என்று ஒரே சொல்லில் தள்ளினார். விலை உயர்ந்தது கூடத்துக்கு அழகு, மலிந்தது பிள்ளைக்கு விளையாட்டு, நடுத்தர விலையில் இரண்டு சிற்றலையும் நான்கு பற்றரியுமாக ஒரு பெட்டி வாங்கினால் அது வீட்டுக்கு உதவும் என்பது அவருடைய நிலையான கருத்து. பணக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. எங்கள் ஊர் அன்ரனாக்களில் பாதி அதற்குப் பின்னும் வடமேற்கே பார்த்து நின்றன. 1995இல் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்தபோது எங்களில் பலர் ஊரிலேயே இருக்கவில்லை.

ஏனெனில் இடையில் 1990 வந்துவிட்டது. போர் மீண்டும் மூண்ட அந்த ஆண்டோடு தலைமன்னார் ரயிலும் நின்றது. அது திரும்பி வர 2015 மார்ச் ஆயிற்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் தம் ஊர்களை இழந்தனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குச் சென்றார்கள். வீடும் கடையும் நகையும் வானொலியும் பின்னால் கிடந்தன. நானாவின் கடையில் அன்று திருத்தக் கொடுக்கப்பட்ட பெட்டிகள் பல இருந்தன. அவற்றுள் எங்களுடையதும் ஒன்று. ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு, ஈயம் பற்றவைக்கும் கோலை மட்டும் சாரத்தில் சுற்றிக்கொண்டு போனதாக அவர் பின்னாளில் என்னிடம் கூறினார். அயலவர்களான நாங்கள் அன்று என்ன செய்தோம் என்று அவர் கேட்கவில்லை. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன், ஊரில் இல்லை. அது ஒரு பதிலாகாது என்பது எனக்குத் தெரியும்.

பெருநிலப்பரப்பில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் தடைசெய்த பொருட்களுள் பற்றரியும் ஒன்று. வாசகர்களில் பலர் அந்நாட்களை அறிவீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம். சக்தி தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தும் துளையிட்டு உப்புநீர் ஊற்றியும் இன்னுமொரு செய்தியறிக்கையைக் கறந்தார்கள். இரவு ஒன்பதேகாலுக்கு இலண்டன் பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். பெரும் கசற் பெட்டிகள் மின்சாரமின்றி மூலையில் கிடக்க, சிறிய சிற்றலைப் பெட்டி வைத்திருந்தவனின் முற்றம் நிறைந்தது. நானாவின் கணிப்பு சரியென்று ஊர் ஒப்புக்கொண்டபோது, அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. புத்தளத்து ஓலைக் குடிசையொன்றில் அவரும் அதே ஒன்பதேகாலுக்கு, மன்னாரைப் பற்றி ஏதேனும் சொல்கிறார்களா என்று காத்திருந்திருக்கிறார். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலுடன் நின்றுவிட்டது.

போர் முடிந்த பின்னர் அவர் திரும்பினார். கடை இல்லை. மகனின் வீட்டில் இருக்கிறார்.

பேசாலைக் கூடத்துக்குத் திரும்புகிறேன். திருச்சி எடுக்குமா என்ற கேள்விக்கு என் உறவினரிடம் பதில் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அதில் வானொலி போட்டுப் பார்த்ததே இல்லையாம். நானா எழுந்து வந்து, எறியாமல் வைத்திருந்த மட்டைப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். நெகிழித் தாளில் சுற்றியபடி, எவரும் பிரித்துப் பாராத வெள்ளை வளையம் ஒன்று வெளியே வந்தது. “இதுதான் தம்பி காது” என்றார். பின்புறத்தில் அதைப் பொருத்தினார். பொழுது பட்டுவிட்டிருந்தது. ஒரே கரகரப்பு. தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். அது அணைந்ததும் இரைச்சல் பாதி குறைந்தது. எல்.ஈ.டி. விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்.

இருட்டில் அவர் வளையத்தைக் கையில் ஏந்தி மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். இந்தி ஒன்று வந்து போயிற்று, சிங்களம் ஒன்று. பிறகு ஆழத்திலிருந்து ஒரு தமிழ்க் குரல் எழுந்து, அமிழ்ந்து, மீண்டும் எழுந்தது.

“எந்த ஸ்ரேஷன் நானா?” என்று உறவினர் கேட்டார்.

“பொறுங்கோ, அவர் சொல்லட்டும்” என்றார் நானா.