கூலியை நிர்ணயித்தது யார்? ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களும் ஆறாம் படிவப் பொருளியலும்

ஆறாம் படிவத்தில் பொருளியல் எடுக்கும் மாணவர் முதலில் வரையக் கற்பது தேவைக் கோடும் அளிப்புக் கோடும். இரண்டும் வெட்டும் இடமே விலை. அதே படத்தைத் தொழிலாளர் சந்தைக்குக் கொண்டுபோய், சமநிலைக்கு மேலே ஒரு கிடைக்கோடு போட்டு, குறைந்தபட்சச் சம்பளம் வேலையின்மையை வளர்க்கும் என்று முடிப்பது அறிமுகப் பாடநூல்களின் வழக்கம். முதலாளிகள் பலர், தொழிலாளர் பலர், எவரும் எங்கும் போகலாம் என்ற நிறைவுப் போட்டிச் சந்தையில் அந்த முடிவு சரி. கேமரன் மலையில் ரிங்லெட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றுக்கு அது பொருந்தாது. அங்கிருந்து ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதப் போகும் பிள்ளைக்குக் கூலிக் கோட்பாட்டை வாங்குவோர் முற்றுரிமையிலிருந்து, அதாவது உழைப்பை வாங்கும் தரப்பே கூலியைத் தீர்மானிக்கும் நிலையிலிருந்து, தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் கேமரன் மலையில் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அப்போது மலாயாவில் தமிழ்த் தொழிலாளியின் கூலி எவ்வாறு அமைந்தது? 1907-இல் உருவான குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் அனைவரும் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கட்டினார்கள். அந்த நிதி தமிழகத்திலிருந்து ஆள் வருவதற்கான கப்பல் செலவை ஏற்றது. இதன் பொருளியல் நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு முதலாளி செலவழித்து ஆளைக் கொண்டுவந்தால், பக்கத்துத் தோட்டம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அவரை இழுத்துக்கொள்ளும். அதனால் எவரும் செலவழிக்க முன்வரமாட்டார். இலவசப் பயணி சிக்கல் என்று பாடநூல் பொதுப் பண்டங்களின் இயலில் சொல்வது இதைத்தான். முதலாளிகள் அதைக் கூட்டாகத் தீர்த்துக்கொண்டார்கள். அளிப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்தது இயற்கையால் அன்று, நிதியால். பெருமந்தம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கோடு இடப்பக்கமும் நகர்ந்தது. ஒரு தரப்பு இருபுறமும் தள்ளக்கூடிய கோட்டைச் சுதந்திரச் சந்தையின் அளிப்பு என்று மாணவருக்குச் சொல்வது உண்மைக்குப் புறம்பு.

கூலியும் அப்படித்தான். 1920களின் இறுதியில் போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அந்த நிதியை நிர்வகித்த குடியேற்றக் குழு நிர்ணயித்தது. மந்தத்தில் அது வெட்டப்பட்டது. 1937-இல், இந்திய அரசு விசாரிக்க அனுப்பிய வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி தம் அறிக்கையில் பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். திரும்பக் கிடைத்த 50 காசு 1938-இல் 45 காசாகக் குறைந்தபோது, உதவிபெற்றுப் புறப்படும் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. விலை குழுவில் முடிவானது. அளிப்பு அரசாணையால் நின்றது. பெண்ணுக்கு ஏன் 10 காசு குறைவு என்பதை இறுதிநிலை உற்பத்தியால், அதாவது கூடுதலாகச் சேரும் ஒருவர் ஈட்டித்தருவதால், விளக்க முடியுமா? கொழுந்து பறிப்பது பெரிதும் பெண்களின் வேலையாக இருந்த தொழிலில் இந்தக் கேள்வியை மாணவர் விடக் கூடாது.

பொருளியலறிஞர் ஜோன் ராபின்சன் வாங்குவோர் முற்றுரிமை என்ற கருத்தைத் தம் நூலின் வழி பரவலாக்கியது 1933-இல். அதன் கணக்கு கரும்பலகையில் ஐந்து நிமிட வேலை. ஒரு தோட்டத்தில் 10 பேர், நாளுக்கு 50 காசு; மொத்தம் 500 காசு. பதினோராவது ஆள் 52 காசு கொடுத்தால்தான் வருவார். அவருக்கு 52 கொடுத்தால் மற்றவர்களுக்கும் 52 கொடுத்தாக வேண்டும். மொத்தம் 572. புது ஆளின் கூலி 52, ஆனால் அவரைச் சேர்க்கும் இறுதிநிலைச் செலவு 72. அவர் ஈட்டித்தருவது 65 காசு என்றால் முதலாளி சேர்க்கமாட்டார். இப்போது சட்டம் 60 காசைக் குறைந்தபட்சமாக்குகிறது. பத்துப் பேருக்கு 600, பதினோரு பேருக்கு 660. புது ஆளுக்குச் செலவு 60 மட்டுமே. அவர் சேர்க்கப்படுகிறார். கூலியும் ஏறியது, வேலையும் கூடியது. இதைத் தாமே போட்டுப் பார்த்த மாணவர் கிடைக்கோட்டுப் படத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளமாட்டார்.

1992-இல் நியூஜெர்சியில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று பொருளியலறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் எழுதினார்கள்; கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு, அதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். இங்கேயும் அதே கேள்வி எழுகிறது: மலேசியத் தீபகற்பத்தில் 2013-இல் 900 வெள்ளியாக இருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022-இல் 1,500 ஆகி, 2025-இல் 1,700 ஆகியிருக்கிறது. விலைவாசியைக் கழித்தாலும் இது கணிசமான ஏற்றம்.

வாங்குவோர் முற்றுரிமையிலிருந்து தொடங்கும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று ரிங்லெட் பிள்ளைக்குத் தோட்டத்தை விட்டால் வேறு வழியில்லை என்று சொல்ல முடியாது. பெர்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஹோட்டல்கள், அதற்கு அப்பால் ஈப்போவும் கோலாலம்பூரும் இருக்கின்றன. மாற்று வேலை பெருகப் பெருக வாங்குவோரின் பிடி தளரும். கோட்பாடே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பிடி வேறு தோளுக்கு மாறியிருக்கிறது. இன்று கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பகுதியினர் அந்நியத் தொழிலாளர்கள். அவர்களின் வேலை அனுமதிச் சீட்டு குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. முன்பு தோட்டம் தந்த லயத்து வீடு செய்த வேலையை இப்போது அந்தச் சீட்டு செய்கிறது: வேலையை விட்டால் இருக்கும் உரிமையும் போகும்.

எதிர்ப்பக்கத்தையும் எடைபோட வேண்டும். வெட்டிய கொழுந்து காத்திருக்காது. அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். சில நாள் வேலை நின்றால் செடியிலுள்ள துளிரும் முற்றி வீணாகும். ஆக முதலாளியும் பலவீனப்படும் நேரம் உண்டு; தொழிற்சங்கத்தின் பேரம் பேசும் வலிமையை மாணவர் அங்கே தேட வேண்டும். நீண்ட காலத்தில் சம்பள ஏற்றம் இயந்திரத்தை அழைக்கலாம் என்பதும் மெய். செங்குத்தான சரிவில் இயந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பது அதற்கு எதிரான வாதம்.

எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று தவணைகளாகப் பிரிந்ததோடு பள்ளிசார் மதிப்பீடும் வந்தது. அது வகுப்பறைக்கு வெளியே பொருளியலைத் தேட மாணவருக்குக் கிடைத்த வாசல். நிறுவைத் தராசில் கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கும் எடையை யார் தீர்மானிப்பது, அதைச் சரிபார்க்கத் தொழிலாளிக்கு வழி உண்டா, ஓவர்டைம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, வேலை மாற நினைத்தவருக்கு என்ன செலவானது என்று பாட்டியிடமும் பக்கத்து விடுதியில் தங்கும் வங்காளதேசத் தொழிலாளியிடமும் கேட்டு எழுதிய ஒரு கட்டுரை, நகரத்து டியூஷன் குறிப்பை ஒப்பித்த பத்து விடைகளைவிட மேலானது. அதற்கு உரிய மதிப்பெண் கொடுக்கும் அளவுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது கல்வி அமைச்சின் பொறுப்பு.