நிறைவேறாத இளந்திறன் (கால்பந்து)

கால்பந்தில் பதின்வயதிலேயே அசாத்தியத் திறமை காட்டி, நாளைய நட்சத்திரம் என்று பேசப்பட்ட ஒரு வீரர், வளர்ந்தபின் அந்த உயரத்தை எட்டாமல் போவது நிறைவேறாத இளந்திறன் எனப்படுகிறது. கானாவின் நீ லாம்ப்டி, அமெரிக்காவின் ஃபிரெடி அடூ, ஸ்பெயினின் போயான் கிர்கிச் ஆகியோர் இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். உடல் வளர்ச்சியின் வேகம், காயம், மனநலம், ஒப்பந்தச் சூழல், பொருந்தாத கழகத்துக்கு மாறுவது ஆகியவை முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. வீரரின் ஒழுக்கக் குறைவே காரணம் என்று ரசிகர்களிடையே நிலவும் கருத்து, இவர்களில் பலருடைய வரலாற்றோடு பொருந்துவதில்லை.

வரையறை

புள்ளிவிவரத்தைக் கொண்டு இந்த நிலையைத் துல்லியமாக அளக்க முடியாது. ஒருவர் என்ன ஆனார் என்பதை, அவர் என்ன ஆவார் என்று பிறர் சொன்னதோடு ஒப்பிட்டு வழங்கப்படும் தீர்ப்பு இது. போயான் கிர்கிச் பார்சலோனா, ரோமா, மிலான், அயாக்ஸ் ஆகிய நான்கு பெரும் கழகங்களுக்கு ஆடியவர். சாதாரண வீரர் ஒருவருக்கு இது பெருமைப்படத்தக்க வாழ்க்கை. 'அடுத்த மெஸ்ஸி' என்ற பட்டம் 17 வயதில் அவர்மீது ஏற்றப்பட்டதால்தான் அவர் பெயர் இந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது. 'அடுத்த பெலே', 'அடுத்த மரடோனா' என்று அழைக்கப்பட்ட பலரின் கதையும் இதுவே.

வெளியுலகுக்குத் தெரியாமலே இளையோர் அணிகளிலிருந்து விடுவிக்கப்படும் சிறுவர்கள் இந்த வகையில் சேர்க்கப்படுவதில்லை. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. இங்கிலாந்தில் கழகங்களின் அகாடமிகள் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே சிறுவர்களைப் பதிவு செய்கின்றன. அப்படிச் சேர்வோரில் மிகச் சிறிய பகுதியினரே தொழில்முறை வீரர்கள் ஆகின்றனர்.

தங்கப் பந்து பெற்றவர்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற நம்பிக்கையின்மீதுதான் இளையோர் கால்பந்து அமைப்பு முழுவதும் நிற்கிறது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஃபிஃபாவின் இளையோர் உலகக்கோப்பை ஒரு வாய்ப்பைத் தருகிறது. 1985இல் 16 வயதுக்குட்பட்டோருக்காகத் தொடங்கிய இந்தப் போட்டி, 1991 முதல் 17 வயதுக்குட்பட்டோருக்கானதாக நடந்துவருகிறது. தொடரின் சிறந்த வீரருக்குத் தங்கப் பந்து வழங்கப்படுகிறது. 1985 முதல் 2017 வரை நடந்த 17 தொடர்களில் இவ்விருது பெற்றவர்களுள், பின்னர் முதன்மை உலகக்கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றவர்கள் இருவர் மட்டுமே: ஸ்பெயினின் செஸ்க் ஃபாப்ரிகாஸ் (விருது 2003, உலகக்கோப்பை 2010), ஜெர்மனியின் டோனி குரூஸ் (விருது 2007, உலகக்கோப்பை 2014). 1999இல் விருது பெற்ற லேண்டன் டோனவன் அமெரிக்க அணிக்காக 57 கோல்கள் அடித்தார்.

மற்றவர்கள் பலவாறாகப் பிரிந்து போயினர். 1989இல் விருது பெற்ற ஸ்காட்லாந்து கோல்காப்பாளர் ஜேம்ஸ் வில், ஆர்சனல் கழகத்தில் சேர்ந்தும் முதன்மை அணியில் இடம்பிடிக்கவில்லை. பிற்காலத்தில் காவல்துறையில் பணிபுரிந்தார். 2005இல் விருது பெற்ற பிரேசிலின் ஆண்டர்சன், 2008இல் ஐரோப்பாவின் சிறந்த இளம் வீரருக்கான 'கோல்டன் பாய்' விருதையும் வென்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடினார். ஆயினும் எதிர்பார்க்கப்பட்ட நிலையை எட்டாமல் 31 வயதில் ஓய்வு பெற்றார். 2011 அரையிறுதியில் தலையில் அடிபட்டுக் கட்டுப்போட்ட நிலையில், ஜெர்மனிக்கு எதிராக அந்தரத்தில் பாய்ந்து உதைத்து வெற்றி கோல் அடித்த மெக்சிகோவின் ஹூலியோ கோமெஸ், தம் நாட்டு முதல்நிலை லீக்கில்கூட நிலையான இடம் பெறவில்லை.

ஒரே அணியில் ஆடியவர்களின் பாதைகூட இப்படிப் பிரியும். 2017 தொடரின் இறுதிப்போட்டி கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்து 5-2 என்று ஸ்பெயினை வென்றது. அந்தப் போட்டியில் இரண்டு கோல் அடித்த ஃபில் ஃபோடன் தங்கப் பந்து பெற்றார். தொடரில் 8 கோல் அடித்த ரியான் புரூஸ்டர் தங்கக் காலணி பெற்றார். ஃபோடன் மான்செஸ்டர் சிட்டியுடன் 2024க்குள் ஆறு பிரீமியர் லீக் பட்டங்களை வென்றார். 2020இல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குச் சென்ற புரூஸ்டர், தம் முதல் பிரீமியர் லீக் பருவத்தில் ஒரு கோலும் அடிக்கவில்லை; பின்னர் காயங்களாலும் அவதிப்பட்டார்.

காரணங்கள்

உடல் வளர்ச்சி. இளையோர் அணிகள் பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்த சிறுவனும் டிசம்பரில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் ஆடுவர். மூத்தவனுக்கு ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி கூடுதல். பத்து வயதில் அது உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். தேர்வாளர்கள் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்ள நேரிடுகிறது. 'சார்பு வயது விளைவு' எனப்படும் இது முதலில் 1980களில் கனடாவின் பனி ஹாக்கியில் கவனிக்கப்பட்டது. பின்னர் கால்பந்திலும் பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்டது. இதோடு, ஒரே மாதத்தில் பிறந்தவர்களிடையேகூடப் பருவமடையும் வயது மாறுபடும். 15 வயதில் வலிமையால் எதிரணியைத் தள்ளிக்கொண்டு ஓடிய சிறுவன், மற்றவர்களும் வளர்ந்தபின் அந்த அனுகூலத்தை இழக்கிறான். உடல் வலிமை கைகொடுத்தவரை நுட்பத்தை வளர்க்க அவனுக்குத் தேவையே ஏற்பட்டிருக்காது.

காயம். வளர்ந்து முடியாத உடலில் பெரியவர்கள் ஆட்டத்தின் சுமை ஏற்றப்படும்போது, தசைநார்களும் மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. பிரேசிலின் அலெக்சாந்தர் பாட்டோ 18 வயதில் மிலான் அணியில் அறிமுகமானார்; தொடர்ச்சியான தசைக் காயங்களுக்குப் பின் 23 வயதில், 2013 ஜனவரியில், பிரேசிலுக்கே திரும்பினார்.

மனநலம். ஜெர்மனியின் மிகச் சிறந்த இளம் நடுகள வீரர் என்று கருதப்பட்ட செபாஸ்தியான் டைஸ்லர், முழங்கால் காயங்களாலும் மனச்சோர்வு நோயாலும் பாதிக்கப்பட்டார். 2003இல் அதற்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அவர், பயர்ன் மியூனிக் வீரராக இருக்கும்போதே 2007 ஜனவரியில் 27 வயதில் விளையாட்டிலிருந்து விலகினார். பிரேசிலின் அட்ரியானோ, 2004 கோப்பா அமெரிக்காவில் 7 கோல்களுடன் முதலிடம் பிடித்துக் கோப்பையோடு திரும்பிய சில நாட்களில் தந்தையை இழந்தார். அந்த இழப்பிலிருந்து தாம் மீளவே இல்லை என்று பின்னாளில் அவரே கூறினார். 2009இல் இன்டர் மிலானுடனான ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது அவருக்கு வயது 27.

பணமும் ஒப்பந்தமும். திறமை வெளிப்பட்டதும் முகவர்கள், விளம்பர நிறுவனங்கள், கழகங்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் சிறுவனை நெருங்குகின்றன. குடும்பம் வறுமையில் இருந்தால் முடிவு இன்னும் விரைவாக எடுக்கப்படுகிறது. சிறுவனின் வளர்ச்சிக்கு எந்த அணி பொருந்தும் என்ற கேள்வி, யார் அதிகம் தருவார் என்ற கேள்விக்குப் பின்னால் போய்விடுகிறது.

கடன் ஆட்டம். பெரிய கழகங்கள் பல இளம் வீரர்களை வாங்கி, பிற அணிகளுக்குக் கடனாக அனுப்புகின்றன. 2018-19 பருவத்தில் செல்சி மட்டும் 40க்கும் மேற்பட்ட வீரர்களை இவ்வாறு வெளியே அனுப்பியிருந்தது. ஆண்டுதோறும் ஊர், மொழி, பயிற்சியாளர், ஆட்டமுறை என அனைத்தும் மாறும்போது, எந்த இடத்திலும் வேர்பிடிக்க முடிவதில்லை.

குறிப்பிடத்தக்க வீரர்கள்

நீ லாம்ப்டி. 1974 டிசம்பர் 10 அன்று கானாவின் தேமா நகரில் பிறந்தார். நைஜீரிய வீரர் ஸ்டீபன் கேஷியின் உதவியோடு பெல்ஜியம் சென்று, 16 வயதில் ஆண்டர்லெக்ட் அணியில் அறிமுகமானார். 1991இல் இத்தாலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையைக் கானா வென்றபோது தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது. தம் வாரிசு என்று பெலே அவரைப் பாராட்டினார். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கானா அணியிலும் இருந்தார். பின்னர் பி.எஸ்.வி., ஆஸ்டன் வில்லா, கவென்ட்ரி எனத் தொடங்கி இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, போர்ச்சுகல், ஜெர்மனி, சீனா என்று நாடு நாடாக மாறினார். வீட்டில் அடி உதைக்கு ஆளான குழந்தைப்பருவத்தையும், பள்ளிப்படிப்பு இல்லாததால் தம் ஒப்பந்தங்களையே படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் போனதையும் பிற்காலப் பேட்டிகளில் விவரித்தார். ஓய்வுக்குப் பின் அவர் அக்ராவில் தொடங்கியது ஒரு பள்ளிக்கூடம்.

ஃபிரெடி அடூ. லாம்ப்டி பிறந்த அதே தேமாவில் 1989 ஜூன் 2 அன்று பிறந்தார். அமெரிக்க நிரந்தர வசிப்புரிமைக் குலுக்கலில் தாய்க்கு வாய்ப்புக் கிடைக்க, 8 வயதில் குடும்பத்தோடு மேரிலாந்து மாநிலத்தில் குடியேறினார். 13 வயதிலேயே நைக் நிறுவனத்துடன் 10 லட்சம் டாலர் ஒப்பந்தமும், 14 வயதில் அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் மிக உயர்ந்த சம்பளமும் பெற்றார். பெலேயுடன் விளம்பரத்தில் தோன்றினார். 2004 ஏப்ரல் 3 அன்று டி.சி. யுனைடெட்டுக்காகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 14 ஆண்டு 306 நாள்; இரண்டு வாரத்தில் முதல் கோலையும் அடித்தார்.

புதிதாக வளர்ந்துகொண்டிருந்த லீக்குக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகமாக ஒரு சிறுவன் நிறுத்தப்பட்டான். முதல் பருவத்தில் 30 ஆட்டங்களில் 5 கோல் என்பது அந்த வயதுக்கு நல்ல கணக்கு, ஆனால் விளம்பரம் உண்டாக்கிய எதிர்பார்ப்புக்கு முன் அது சிறுத்துப்போனது. 2007இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் போலந்துக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தபின் பென்ஃபிகாவுக்குச் சென்றார். அங்கிருந்து மொனாக்கோ, பெலனென்செஸ், ஏரிஸ், ரிசெஸ்போர் என நான்கு அணிகளுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். பிரேசில், செர்பியா, ஃபின்லாந்து, ஸ்வீடன் நாட்டுக் கழகங்கள் வரை அவருடைய பயணம் நீண்டது. அமெரிக்காவுக்காக ஆடியது 17 போட்டிகள், அடித்தது 2 கோல்கள்.

போயான் கிர்கிச். 1990 ஆகஸ்ட் 28 அன்று கட்டலோனியாவின் லின்யோலா ஊரில் பிறந்தார். 2007 செப்டம்பரில் 17 வயதில் பார்சலோனாவுக்காக லீக்கில் ஆடி, இளவயது அறிமுகத்தில் மெஸ்ஸியின் சாதனையை முறியடித்தார். அந்தப் பருவத்தில் 10 லீக் கோல்களும் அடித்தார். 2008 பிப்ரவரியில் ஸ்பெயின் அணிக்கு முதல்முறை அழைக்கப்பட்டபோது, ஃபிரான்சுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சற்றுமுன் பதற்றத் தாக்குதலுக்கு ஆளானார். வயிற்றுக் கோளாறு என்று வெளியே அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு யூரோ கோப்பை அணியிலிருந்தும் அவர் விலகிக்கொள்ள, நாட்டுக்காக ஆட விரும்பாதவர் என்ற பழி விழுந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018இல்தான் உண்மைக் காரணத்தை அவர் வெளிப்படையாகப் பேசினார். 2023இல் ஓய்வு பெற்றபின் பார்சலோனாவிலேயே பொறுப்பேற்றார். பிற அணிகளுக்குக் கடனாகச் சென்ற இளம் வீரர்களைக் கவனிப்பது அவர் பணிகளுள் ஒன்று.

பாதுகாப்பு விதிகள்

18 வயது நிரம்பாதவர்களை நாடுவிட்டு நாடு மாற்றுவதற்கு ஃபிஃபா 2001இல் பொதுத்தடை விதித்தது. கால்பந்து சாராத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுக்கு மேற்பட்டோர் மாறுவது போன்ற சில விலக்குகள் உண்டு. இந்த விதியை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட பார்சலோனா, 2015 முழுவதும் புதிய வீரர்களைப் பதிவுசெய்ய முடியாமல் போனது. கடன் முறைக்கு 2022இல் வரம்பு வந்தது. 2024 முதல் ஒரு கழகம் வெளிநாட்டுக் கழகங்களுக்கு ஆறு வீரர்களை மட்டுமே கடனாக அனுப்பலாம். ஆனால் கழகமே பயிற்றுவித்த, 21 வயதுக்கு மேற்படாத வீரர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது.

தேர்வுமுறையிலும் மாற்றங்கள் வந்துள்ளன. பிறந்த தேதிக்குப் பதில் உடல் முதிர்ச்சியைக் கொண்டு அணி பிரித்து ஆடவிடும் முறையை இங்கிலாந்துக் கழகங்கள் முயன்றுபார்த்தன. பெல்ஜியம், தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே தனி இளையோர் தேசிய அணிகளை நடத்துகிறது.

தாமதமாக மலர்ந்தவர்கள்

முன்கூட்டிய கணிப்பு எதிர்த்திசையிலும் பிழைபடுகிறது. உயரம் போதாது என்று ஃபிரெஞ்சுக் கழகங்கள் திருப்பியனுப்பிய அந்துவான் கிரீஸ்மன், ஸ்பெயினின் ரியல் சோசியதாதில் வளர்ந்து 2018இல் ஃபிரான்சுடன் உலகக்கோப்பை வென்றார். 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே விடுவித்த ஜேமி வார்டி, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலை லீக்குகளில் ஆடி, லெஸ்டர் சிட்டியுடன் 2015-16 பிரீமியர் லீக் பட்டம் வென்றார். 2015இல் 16 வயதில் ரியல் மாட்ரிட் வாங்கிய நார்வேயின் மார்ட்டின் ஓடெகார்டு, ஹேரன்வேன், விட்டெஸ் என்று கடனில் அலைந்தபோது வீணான திறமை என்று எழுதப்பட்டார். 2022இல் ஆர்சனலின் அணித்தலைவர் ஆனார். இவரைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டபோது இவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அமெரிக்க லீக்கில் களமிறங்கிய மிக இளைய வீரர் என்ற அடூவின் சாதனை 20 ஆண்டுகள் நிலைத்தது. 2024 ஜூலை 17 அன்று, அடூவும் ஒருகாலத்தில் ஆடிய ஃபிலடெல்ஃபியா யூனியன் அணிக்காக, கேவன் சல்லிவன் 14 வயது 293 நாளில் களமிறங்கி அதை 13 நாள் வித்தியாசத்தில் முறியடித்தார். 18 வயது நிரம்பியதும் அவர் மான்செஸ்டர் சிட்டிக்குச் செல்வதற்கான ஏற்பாடு அந்த முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்திருந்தது.