டெஜிமா: கடலை இழந்த தீவு

நாகசாகித் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குவோர் பலரும் அணுகுண்டு நினைவிடத்தை நோக்கியே செல்கின்றனர். அந்நகரின் இன்னொரு வரலாறு டெஜிமாவில் இருக்கிறது.

போர்த்துகீசியரை அடைத்துவைக்க 1636-இல் கட்டி முடிக்கப்பட்ட, விசிறி வடிவச் செயற்கைத் தீவு அது. 1639-இல் அவர்கள் ஜப்பானை விட்டே வெளியேற்றப்பட்டனர். 1641-இல் டச்சு வணிகர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். கரைக்குச் செல்ல ஒரே பாலம், அதிலும் காவல். கிறித்தவம் உள்ளே வந்துவிடும் என்பதே ஆட்சியாளரின் அச்சம்.

சரக்குகளோடு நூல்களும் வந்தன. டச்சு மொழி உடற்கூறியல் நூலொன்றை சுகிதா கென்பாகு முதலிய மருத்துவர்கள் பெரும்பாடுபட்டு மொழிபெயர்த்து 1774-இல் வெளியிட்டனர். ஜப்பானில் மேலைக் கல்வி வேரூன்ற அது வழிவகுத்தது. தடுப்பதற்கென்று கட்டிய தீவே வாசலாயிற்று.

பின்னாளில் சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டு நிலமாயிற்று. இன்று அத்தீவைத் தேடிச் செல்பவர் நகரத் தெருவில்தான் நிற்பார்.